குலமில்லாத கில்ட்

பிளேர்கௌரி
10 நவம்பர் 1996

லொரெய்ன் அக்காவுக்கு,

வீட்டு போனை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நான் சொன்னதாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்குள் பாக்கியைக் கட்டிவிடலாம் என்கிறாள். உருளைக்கிழங்குக் கொட்டகையில் இந்த மாதம் தினமும் வேலை இருக்கிறது. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறாள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். டிசம்பர் இருபதாம் தேதி கடைசி வருடக்காரர்களின் நடனம். இந்த முறை பள்ளிக்கூட ஹாலில் இல்லை, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஓட்டலில். உடற்பயிற்சி வகுப்பெல்லாம் நடன வகுப்பாகிவிட்டது. பையன்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம், நடுவில் மெக்ஃபீ சார் விசிலோடு நிற்கிறார். "கையா அது, செத்த மீனா? அந்தப் பொண்ணைப் பிடிடா, உடைஞ்சிட மாட்டா" என்று கத்துகிறார். உன் காலத்திலும் இதையேதான் சொன்னாரா?

ஒரு பெண் என்னோடு ஆடக் கேட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளே கேட்டாள். பெயர் சொல்ல மாட்டேன், நீ அம்மாவிடம் உளறிவிடுவாய். மலை ரோட்டில் அந்தக் கல் வீடுகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்று அவள் வீடு. ஆள் இல்லாத அறையிலும் அங்கே விளக்கு எரிகிறது. சரி என்று நான் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன டார்ட்டன் போடுவே?"

வகுப்பில் எல்லாப் பையன்களும் அவரவர் குலத்து டார்ட்டன் கட்டம் போட்ட கில்ட் பாவாடைதான். பாதிப் பேருக்கு அப்பாவுடையது, தாத்தாவுடையது. மீதிப் பேர் பக்கத்து நகரம் பெர்த்தில் வாடகைக்கு எடுக்கிறார்கள். நான் கோட்டும் கால்சட்டையுமாகப் போகலாமா என்று கூடப் படிக்கும் டக்கியிடம் கேட்டேன். "போயேன். இங்கிலீஷ்காரன்னு நினைப்பாங்க. இல்லேன்னா திருட்டு கேஸ் விசாரிக்க வந்தவன்னு நினைப்பாங்க" என்றான்.

வாடகைக் கடையில் முன்பணம் கேட்கிறார்கள். அம்மாவின் கைவிரல் வெடிப்புகளைப் பார்த்த பிறகு அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ வேலை பார்க்கும் ஓட்டலில் பையன்கள் கில்ட் போட்டுத்தானே பரிமாறுகிறார்கள்? பழையது ஏதாவது கிடைக்குமா?

க்ரெய்க்

ஆர்ட்னோர்
17 நவம்பர்

க்ரெய்க்,

போன் வெட்டியது எனக்குத் தெரியும். அம்மா தபால் அட்டை போட்டாள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதி. நம் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் பிர்னியிடம் கேட்டேன். "பூச்சி தின்ன மூட்டை ஒண்ணு கெடக்கு. எடுத்துட்டுப் போ, எடத்தை அடைக்குது" என்றாள். அதில் இருப்பதிலேயே நல்லதை அனுப்புகிறேன். திருடியது இல்லை, அம்மா கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லலாம். டென்னிஸ் என்று ஒரு வெயிட்டர் போட்டிருந்தது. உன்னைப் போல ஒன்றரை ஆள் அவன். வார்ப்பூட்டுகளை உள்ளே தள்ளித் தைக்கச் சொல்.

தைத்த கையோடு இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதே. பின்பக்க மடிப்புகள் ஒவ்வொன்றையும் நீளத் தையல் போட்டுப் பிடித்துக்கொள். மேலே ஈரத்துணி போட்டு அழுத்து. இழுக்காதே, அழுத்து. இழுத்தால் மடிப்பு போய்விடும், உன் பின்னால் மேஜைவிரிப்பு தொங்குவது போல இருக்கும். இடுப்பில் கட்டாதே, தொப்புளுக்கு மேல் கட்டு. முழங்காலிட்டுப் பார். ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி.

இன்னொன்று. இது எந்தக் குலத்தின் டார்ட்டனும் இல்லை. முதலாளியின் மனைவி சாப்பாட்டுக்கூடத்துக்குக் கம்பளம் வாங்கினாள். பிறகு அந்தக் கம்பளத்துக்குப் பொருத்தமாக எங்களுக்கு நெய்யச் சொன்னாள். பச்சை, பழுப்பு, நடுவே கடுகு நிறத்தில் ஒரு கோடு. நாங்கள் நடந்தால் கம்பளமே எழுந்து நடப்பது போல இருக்கும். வாரத்தில் ஆறு நாள் நான் போடும் மேல்சட்டையும் அதே கட்டம்தான்.

யாராவது கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். 'எங்க அக்கா வேலை பார்க்கிற ஓட்டலோடது' என்று சொல். ஒன்றும் குறைந்துவிடாது. மலை ரோட்டுக்காரர்களின் தாத்தா கில்ட்டில் பூச்சி அரித்திருந்தால் அது பரம்பரை. நம்முடையதில் அரித்திருந்தால் அது வெறும் பூச்சி. அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் பெயரில்லாத பெண்ணுக்கு என் வாழ்த்து.

லொரெய்ன்

பிளேர்கௌரி
1 டிசம்பர்

அக்கா,

பார்சல் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க மாட்டிறைச்சிக் குழம்பு வாசனை. கொடியில் நான்கு நாள் தொங்கவிட்டோம். இப்போது கொஞ்சம் குழம்பு, கொஞ்சம் மழை.

நீ சொன்னபடியே அம்மா மடிப்பெல்லாம் தைத்துப் பிடித்தாள். நான் அழுத்தினேன். பூச்சி ஓட்டை மூன்றும் உள்மடிப்பில் போய்விட்டன, சுழலும்போது தெரிந்தால்தான் உண்டு. மற்றதையெல்லாம் நானே சேர்த்தேன். சர்ச் நடத்தும் பழந்துணிக் கடையில் ஒரு கறுப்புக் கோட்டு கிடைத்தது, யாரோ இறந்து போனவருடையது. அம்மா அதை இடுப்பளவில் வெட்டிக் குட்டையாக்கினாள். டக்கியின் மாமாவுடைய பழைய பட்டாளக் கோட்டிலிருந்து பொத்தான்கள் வந்தன, பற்பசை போட்டுத் தேய்த்தேன். வெள்ளியா என்று நீயே கேட்பாய். பள்ளிக்கூட ஷூவின் நாக்கை வெட்டிவிட்டு, நீளக் கயிறு கோத்துக் கணுக்காலைச் சுற்றிக் கட்டினால் அசல் நடன ஷூ மாதிரியே இருக்கிறது. முன்னால் தொங்குகிற தோல்பை ஸ்போரன் அதே சர்ச் கடையில்தான், ஆனால் சங்கிலி இல்லை. குளியல் தொட்டியின் அடைப்பானில் இருந்த சங்கிலியைப் பிடுங்கி மாட்டினேன், அதில் அடைப்பானே கிழிந்துபோனது. அம்மா இப்போது தண்ணீர் நிறுத்த என் சாக்ஸைச் சுருட்டி வைக்கிறாள். "உன் கல்யாணத்துக்குள்ளயாவது தொட்டிக்கு அடைப்பான் வருமாடா?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சிரித்தாள்.

சாக்ஸில் சொருகும் கத்தி மட்டும் கிடையாது. ஹெட்மாஸ்டர் தடை போட்டுவிட்டார். வெறும் பிடி இருந்தால் போதுமாம். உடைந்துபோன காய்கறிக் கத்தியின் பிடியைச் சீவி வைத்திருக்கிறேன்.

கண்ணாடி முன்னால் நின்று, "எங்க அக்கா வேலை பார்க்கிற ஓட்டலோடது" என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

க்ரெய்க்

ஆர்ட்னோர்
9 டிசம்பர்

க்ரெய்க்,

முழங்கால் வரைக்கும் வரும் கம்பளி சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். புதியது. இறந்தவருடையதும் இல்லை, டென்னிஸுடையதும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் எனக்கு விடுமுறை இல்லை. பணக்காரர்கள் குடும்பத்தோடு இருக்க வேண்டுமென்றால் யாராவது குடும்பத்தை விட்டு வந்து பரிமாற வேண்டுமே. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா வெட்டிய கோட்டைப் பார்க்க வேண்டும்.

லொரெய்ன்

பிளேர்கௌரி
22 டிசம்பர்

அக்கா,

நடனம் நன்றாக நடந்தது. எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். டார்ட்டன் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. போட்டோ சரியாக வரவில்லை.

கில்ட்டைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். இனி எனக்கு வேண்டியிருக்காது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

க்ரெய்க்

ஆர்ட்னோர்
5 ஜனவரி 1997

க்ரெய்க்,

புத்தாண்டுக்கு முந்தின இரவு சன்னலோர மேஜையில் ஆறு பேர். கின்லாக் என்று ஒரு வக்கீல், மனைவி, அவர்களுடைய நண்பர்கள். மீன் பிடிக்கும் பருவத்தில் வருவார், புத்தாண்டுக்கும் வருவார். பெர்த்காரர் என்று நினைத்திருந்தேன், நம் ஊர் மலை ரோட்டுக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது. நல்ல மனிதர். என் மேல்சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நன்றி சொல்லாமல் தட்டைத் தள்ள மாட்டார்.

நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். "இந்த ஓட்டல் கில்ட் ஊர் சுத்திட்டு இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"எங்க கட்ரியோனாவோட ஆட வந்த பையன். கெட்டிக்காரன், சட்டம் படிக்கப் போறானாம். இது எந்த டார்ட்டன்ப்பான்னு கேட்டேன். அம்மா வழி, மேற்குத் தீவுக்காரங்கன்னான். எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. இதோ, இதுமேலதான் வருஷா வருஷம் நாற்காலியைப் போட்டு உட்கார்றோம்."

காலால் கம்பளத்தைத் தட்டிக் காட்டினார். மேஜையே சிரித்தது.

"பாவம், விடுங்க" என்றாள் அவர் மனைவி.

"நான் ஒண்ணும் சங்கடப்படுத்தலையே. சும்மா கேட்டேன். அங்கே லொரெய்ன்னு ஒரு பொண்ணு இருக்கு, உன்னை மாதிரியேதான் பேசும், உனக்குத் தெரியுமான்னேன். தெரியாதுன்னுட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம சீமானை உனக்குத் தெரியுமாம்மா?"

கையில் சூப் கரண்டி. எனக்குப் பின்னால் தலைமை வெயிட்டர்.

"தெரியாது சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைசி ஆளுக்கும் சூப் ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய்.

லொரெய்ன்

பிளேர்கௌரி
12 ஜனவரி

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஓட்டல் வாசலில் பெற்றோர் எல்லோரும் போட்டோ எடுக்க நின்றார்கள், கையில் சின்னக் கிளாஸ்களோடு. அம்மா வரவில்லை. வேலை உடுப்போடு வர வேண்டியிருக்கும், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பாலம் வரைக்கும் கூட வந்து, கோட்டை இழுத்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

கட்ரியோனாவின் அப்பாவும் கில்ட்தான் போட்டிருந்தார். நிறம் மங்கிப்போனது, ஒரு ஓரம் நைந்தே இருந்தது. அவர் அதை மறைக்கவே இல்லை. நான் மட்டும் உள்மடிப்பு தெரியாமல் இருக்கச் சுவரோரமாகவே நின்றேன். அவர் கேட்டார். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அம்மா வழி, மேற்குத் தீவு என்று வேறு யாரோ சொல்வது போலச் சொன்னேன். அம்மா பிறந்தது டண்டீயில் சணல் ஆலைக்குப் பின்னால் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

அவர் சிரித்தார். கம்பளத்தைப் பற்றிச் சொன்னார். கட்ரியோனா, "அப்பா, போதும்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதன் பிறகுதான் உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

யோசித்துவிட்டுச் சொன்னேன் என்றால்கூடப் பரவாயில்லை. யோசிக்கவே இல்லை அக்கா. யாராவது தும்மினால் தானாக வாயில் ஒரு வார்த்தை வருமே, அப்படி வந்தது. தெரியாது.

அதன் பிறகு எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக நடந்துகொண்டார்கள். மிஸஸ் கின்லாக் என் தட்டில் இரண்டு முறை கேக் வைத்தாள். எல்லா நடனத்திலும் ஆடினேன். ஒரு அடிகூடத் தப்பவில்லை. மெக்ஃபீ சார் முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்ததும், "யாராவது ஏதாவது கேட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உனக்கும் அதையே எழுதினேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் எழுது.

க்ரெய்க்

ஆர்ட்னோர்
9 பிப்ரவரி

க்ரெய்க்,

பார்சல் வந்து சேர்ந்தது. கில்ட்டை மிஸஸ் பிர்னியிடம் கொடுத்துவிட்டேன். "இவ்வளவு நல்லா மடிப்பு புடிச்சது யாரு?" என்று கேட்டாள். எங்கள் அம்மா என்றேன்.

நானும்தான் உன்னைத் தெரியாது என்று சொன்னேன், ஒரு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள். யார் எதைச் சொன்னாலும் சிரிக்க, தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல. உனக்கு யாரும் தரவில்லை.

பரிமாறுகிறவர்களின் துணி என்று தெரிந்துவிட்டதே என்பதுதான் உன் வெட்கம். அந்தத் துணிக்குள் நான் இருக்கிறேன்.

லொரெய்ன்

பிளேர்கௌரி
9 மார்ச்

அக்கா,

கட்ரியோனாவும் நானும் இன்னும் பழகுகிறோம். ஈஸ்டருக்கு அவள் வீட்டார் உன் ஓட்டலுக்கு வருகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவளுடைய அண்ணன் வரவில்லையாம், அவன் அறை சும்மா இருக்கிறதாம். அப்பாவே கேட்டார். "கம்பளத்தைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன், சத்தியமா" என்றார்.

நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றால் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன். வரலாம் என்றால், இந்த முறை சொல்லிவிடுவேன். நிச்சயமாகச் சொல்வேன்.

க்ரெய்க்

ஆர்ட்னோர்
14 மார்ச்

க்ரெய்க்,

நான் வேண்டாம் என்று சொல்லி, நீ அதைக் காய்ச்சல் என்று அவர்களிடம் சொல்லி, அந்தப் பொய்யிலும் எனக்கு ஒரு பங்கா? வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஈஸ்டருக்கும் சன்னலோர மேஜை எனக்குத்தான்.

லொரெய்ன்

ஆர்ட்னோர்
2 ஏப்ரல்

க்ரெய்க்,

நீ ஊர் திரும்பியிருப்பாய். அங்கே பேச முடியாததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரவு நீ தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டாய். நான் இடது பக்கம் வந்தால் வலது பக்கம் பார்த்தாய். சரி, பையனுக்கு முடியவில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு நாள் ஓடிவிடும், அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

ஞாயிறு மதியம் ஆட்டுக்கறி முடிந்து ஐந்து தட்டுகளை ஒரே கையில் அடுக்கியிருந்தேன். மேல் தட்டில் எலும்பும் குழம்பும். அப்போதுதான் நீ எழுந்து நின்றாய்.

"இவங்க எங்க அக்கா. அன்னைக்குத் தெரியாதுன்னு நான் சொன்னது பொய்."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மிஸஸ் கின்லாக், "அடடா, அப்படியாம்மா? உட்காரு, எங்களோட ஒரு காபி குடி" என்றாள். அவளே நாற்காலியை இழுத்துவிட்டாள். விருந்தினர் நாற்காலியில் நாங்கள் உட்காரக் கூடாது. அதை அந்த அம்மாளுக்கு நான் எப்படிச் சொல்வேன்? "வேலை நேரம், மேடம்" என்றேன். வக்கீல் எழுந்து கை நீட்டினார். என் ஒரு கையில் தட்டுகள், இன்னொரு கையில் குழம்புக் கிண்ணம். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார்கள். கம்பளத்தைச் சொல்லிச் சிரித்த சிரிப்பு இதற்கு எவ்வளவோ தேவலை.

நீ உட்கார்ந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். பாரத்தை இறக்கி வைத்தவன் முகம் அது. எங்கே இறக்கி வைத்தாய் என்று பார்த்தாயா?

நீ சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுதான். ஆனால் கையில் ஐந்து தட்டோடு நான் நிற்கும்போது, எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லாத இடத்தில், அவர்கள் முன்னால் சொன்னாய். அவர்களிடம் நல்ல பெயர் வாங்க அவர்களிடம் சொன்னாய். சனிக்கிழமை வந்ததிலிருந்து ஒரு தடவையாவது சமையலறைப் பக்கம் வந்து, "எப்படி இருக்கே?" என்று கேட்டாயா?

போகும்போது அவர் ஒரு உறை கொடுத்தார், பரிமாறியதற்குக் கொடுக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு. இங்கே அதை எல்லோரும் பிரித்துக்கொள்வதுதான் முறை. பிரித்தோம். இப்போது சமையலறையில் எனக்குப் பெயர் 'வக்கீல் சம்பந்தி'. பாத்திரம் கழுவும் பையன்கூட, "சம்பந்தியம்மா, இந்தக் கரண்டியை எடுத்துக் குடுப்பீங்களா?" என்கிறான். விளையாட்டுக்குத்தான். நானும் சிரிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. என்னைப் பார்க்க வேண்டுமானால் பார்க்க வா. முன்வாசல் வழியாக இல்லை. கரிக் கொட்டகையைத் தாண்டினால் சமையலறைக் கதவு. கட்ரியோனா நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், ஆனால் அழைத்து வராதே. மன்னிப்பு எதுவும் கொண்டு வராதே. வேலைக்காரர்கள் சாப்பிடும் மேஜையில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடலாம்.

லொரெய்ன்

பிளேர்கௌரி
7 ஏப்ரல்

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் என்னைப் பற்றியே எழுதியிருந்தேன், எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று. கிழித்த பிறகுதான் தெரிந்தது, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. இதிலும் கேட்க மாட்டேன். கடிதத்தில் கேட்டால் நீ நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய்.

பதினைந்தாம் தேதி செவ்வாய் வருகிறேன். மூன்று பஸ் மாற வேண்டும், மதியத்துக்குள் வந்துவிடலாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாலத்திலிருந்து ஆரம்பித்து.  பிறகு, "வேலை உடுப்போட வந்தா என்னடா ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். 

கதவைத் திறப்பவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். உன் பெயரைச் சொல்வேன். நீ யார் என்று கேட்டால் லொரெய்னின் தம்பி என்பேன். கின்லாக் குடும்பம் அங்கே இருக்காது, யாரும் எழுந்து கை கொடுக்க மாட்டார்கள். பாத்திரம் கழுவும் பையன் என்னை மேலும் கீழும் பார்ப்பான், அவ்வளவுதான். அவன் முன்னால் நிற்பதை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கூச்சமாக இருக்கிறது.

க்ரெய்க்